கூட்டம் வளர்கிறது, வாடகை மட்டும் என் தலையில்!

ஒன்பது ஆண்டுகளாக அஞ்சல்தலை, நாணயச் சேகரிப்பாளர் குழு ஒன்றை நடத்திவரும் வாசகி ஒருவரின் நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அதனால் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டு முன்னறையில் 7 பேரோடு தொடங்கிய சந்திப்பு, பிறகு ஒரு பொது நூலகத்தின் வாசிப்பறைக்கு மாறியது. அங்கே வாடகை கிடையாது. ஆட்கள் கூடக்கூட அறை போதவில்லை, நூலகத்துக்கும் அந்த இடம் தேவைப்பட்டது. இப்போது பெயர்ப்பட்டியலில் 64 பேர். மாதக் கூட்டத்துக்குச் சராசரியாக 36 பேர் வருகிறார்கள். 14 மாதங்களாக வாடகை அரங்கம்தான். வாசலில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் "விருப்பம்போல் போடுங்கள்" என்று ஓர் அட்டை. பெட்டியில் சேர்வது வாடகையில் பாதியைக்கூடத் தொடுவதில்லை. மீதியை யாரிடமும் சொல்லாமல் அவரே கட்டிவருகிறார். ஒரு மாதம் பெட்டியைத் திறந்தபோது, எப்போதோ புழக்கத்திலிருந்து போய்விட்ட பழைய செப்புக் காசு ஒன்று உள்ளே கிடந்ததாம். "யாராவது ஆசையாகப் போட்டார்களா, இல்லை செல்லாக் காசுதானே என்று போட்டார்களா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம், அப்பா விட்டுப்போன முதல் நாள் உறைகளில் (புதிய அஞ்சல்தலையை ஒட்டி, அது வெளியான நாளிலேயே முத்திரையிட்ட உறைகள்) ஆறை வெளியூர்ச் சேகரிப்பாளர் ஒருவரிடம் விற்று வாடகை கட்டியிருக்கிறார். ஆல்பத்தில் காலியாக இருந்த பக்கங்களைப் பார்த்து மகன் கேட்ட பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. இதற்கிடையில் அரங்க உரிமையாளர் ஓராண்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டும், அட்வான்ஸ் தர வேண்டும் என்கிறார். அஞ்சல்தலை, நாணயம் விற்கும் இரண்டு டீலர்கள் முழு வாடகையையும் தாங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்பது முன்வரிசை மேஜைகள், வேறு யாரும் அங்கே விற்கக் கூடாது என்ற உறுதி, உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள். மூத்த உறுப்பினர் ஒருவரோ, "பொழுதுபோக்குக்குக் காசு வாங்கினால் குழுவே உடைந்துவிடும்" என்கிறார்.

வாசகியின் கேள்விகள் மூன்று. ஒப்பந்தத்தில் என் பெயரில் கையெழுத்துப் போடலாமா? டீலர்கள் தருவதை வாங்கிக்கொள்ளலாமா? உறுப்பினர்களிடம் பணம் கேட்பது தவறா?

அன்புள்ள அம்மா,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற இரண்டும் அதில்தான் தொங்குகின்றன. பணம் கேட்பது தவறில்லை. சிறு சங்கங்களின் கணக்குகளைப் பார்ப்பதே என் தொழில். காசு கேட்டதால் உடைந்த குழுக்களைவிட, ஒருவரே சத்தமில்லாமல் சுமந்து, ஒரு நாள் முடியாமல் உட்கார்ந்துவிட்டதால் கலைந்த குழுக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. "வாடகை எவ்வளவு என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். முழுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. வாடகை தெரியாத ஒருவர் பெட்டியில் ஒரு காசைப் போடும்போது, அவருக்கு அது கஞ்சத்தனமாகத் தெரியாது. மாதாமாதம் விளக்கு எரிகிறது, மேஜைகள் போட்டிருக்கின்றன, யாரும் குறை சொல்லவில்லை. அப்படியானால் வரவு போதுமானதாக இருக்கிறது என்றுதானே நினைப்பார்? நீங்கள் கட்டிய மீதித் தொகை அவர்களிடமிருந்து உண்மையை மறைத்துவிட்டது. அவர்கள் மேல் உங்களுக்கு மெல்ல ஏறிக்கொண்டிருக்கும் வருத்தம் கடிதத்தில் தெரிகிறது. அதைச் சற்று இறக்கி வையுங்கள். கேட்கப்படாத ஒன்றை அவர்கள் மறுக்கவில்லை.

அந்த மூத்த உறுப்பினருக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் அன்பினால்தான் சொல்கிறார், ஆனால் உங்கள் துறையின் வரலாறு வேறு விதமாக இருக்கிறது. உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான பென்னி பிளாக் வெளிவந்தது 1840 மே மாதத்தில். 1869-ல் லண்டனில் அஞ்சல்தலைச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சங்கம் உருவாகிவிட்டது. அமெரிக்க அஞ்சல்தலைச் சங்கம் 1886-லும் அமெரிக்க நாணயவியல் சங்கம் 1891-லும் தொடங்கின. மூன்றும் இன்றைக்கும் இருக்கின்றன, மூன்றும் உறுப்பினர்களிடம் சந்தா வாங்குகின்றன. சந்தா வாங்கியதால் அவை உடைந்துவிடவில்லை.

இன்னொருவரையும் சொல்லத் தோன்றுகிறது. 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினோர் ஆஸ்ட்ரோம், பாசன வாய்க்கால், மீன்பிடி நீர்நிலை, காடு போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் எப்படிச் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர். நீண்ட காலம் நிலைத்தவற்றில் அவர் கண்ட பொதுத் தன்மைகளில் சில இவை: பயன்படுத்துகிறவர்களே விதியை வகுக்கிறார்கள், விதிப்படி நடக்கிறதா என்று தங்களுக்குள்ளேயே கண்காணிக்கிறார்கள், தவறுகிறவர்களைத் தொடக்கத்தில் மென்மையாகத்தான் கண்டிக்கிறார்கள். உங்கள் அரங்கமும் ஒரு சின்னப் பொதுச் சொத்துதான், அம்மா. அதற்கு விதியும் இல்லை, கணக்கும் வெளியில் இல்லை. எல்லாம் உங்கள் கைப்பையில் இருக்கிறது.

ஆள் கூடினால் செலவு குறையுமா?

"இன்னும் இருபது பேர் சேர்ந்துவிட்டால் பெட்டியே வாடகையைக் கட்டிவிடும்" என்ற நம்பிக்கையில்தான் இந்த 14 மாதங்களையும் ஓட்டியிருக்கிறீர்கள். இதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இடத்துக்கான செலவு சாய்தளம்போல் மெதுவாக ஏறாது, படிக்கட்டுப்போல் ஏறும். 36 பேருக்குப் போதும் அறை 50 பேருக்குப் போதாது. அறை கொள்ளாமல் போகும் மாதம் நீங்கள் அடுத்த அளவு அரங்கத்துக்குப் போயாக வேண்டும், வாடகை ஒரே தாவாகத் தாவும். நூலகத்திலிருந்து வெளியேறியபோது இதை ஒருமுறை அனுபவித்துவிட்டீர்கள்.

சேகரிப்பாளர் குழுவுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரமே வரும். இசைக் கூட்டத்துக்கு நாற்காலிகளை நெருக்கிப் போடலாம். உங்களவர்களுக்கு மேஜை வேண்டும். ஆல்பத்தை விரித்தால் ஒருவர் இருவர் இடத்தை எடுத்துக்கொள்வார், எதிரே மாற்றிக்கொள்ள வந்தவர் அமர வேண்டும், நடுவில் வெளிச்சம் விழ வேண்டும். மின்விசிறியை வேகமாக வைத்தால் இடுக்கியில் பிடித்த அஞ்சல்தலை பறந்துவிடும் என்பதால் கோடையிலும் அதைக் குறைத்துவைத்து எல்லோரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்களே விவரித்திருக்கிறீர்கள். எனவே இடம் பார்க்கும்போது எத்தனை நாற்காலி என்று கேட்காதீர்கள். எத்தனை மேஜை, அவை வாடகையில் சேர்த்தியா, காற்றோட்டம் எப்படி, வெளிச்சம் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். பெரிய அரங்கத்தைவிட, நல்ல மேஜைகள் உள்ள நடுத்தர அறை உங்களுக்கு உதவும். பள்ளி ஓவிய அறையும் பயிற்சி நிலைய வகுப்பறையும் விடுமுறை நாளில் சும்மாதான் கிடக்கும். கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

பழையபடி வீடுகளிலேயே கூடலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஏழு பேராக இருந்தபோது சரி. இப்போது வேண்டாம். புதிதாகச் சேரும் எல்லோரையும் உங்களுக்குத் தெரியாது. யார் வீட்டில் என்ன சேகரிப்பு இருக்கிறது என்பது வெளியே பரவக் கூடிய தகவல் இல்லை.

64-ஐ மறந்துவிடுங்கள்

நீங்கள் வாடகையை 64 பேருக்கு வகுத்து, "இவ்வளவு சின்னத் தொகைக்காகவா கேட்பது" என்று கூச்சப்பட்டிருக்கிறீர்கள். பெயர்ப்பட்டியல் வேறு, பணம் தரப்போகிறவர்கள் வேறு. ஆசிரியையாக இருந்த பழக்கத்தில் நீங்கள் வருகைப் பதிவேடு வைத்திருப்பது எனக்குப் பெரிய உதவி. அதன்படி, கடந்த 12 கூட்டங்களில் எட்டுக்கு மேல் வந்தவர்கள் 28 பேர். மற்றவர்கள் அவ்வப்போது எட்டிப் பார்க்கிறவர்கள். சந்தா என்றதும் 28-ல் சிலர் தயங்குவார்கள், வெளிவட்டத்திலிருந்து சிலர் உள்ளே வருவார்கள். 24 பெரியவர்கள், 6 மாணவர்கள், ஆக 30 பேர் என்று அடக்கமாக வைத்துக்கொள்வோம்.

ஒரு கூட்டத்தின் வாடகை 100 என்று கொள்ளுங்கள். ஆண்டுக்கு 12 கூட்டம், 1,200. காப்பீடு, பதிவேடு, சில்லறைச் செலவுகளுக்கு 120. முதல் ஆண்டிலேயே இரண்டு மாத வாடகையைக் கையிருப்பாகச் சேர்க்க 200. மொத்தத் தேவை 1,520. இதை 64-ஆல் வகுத்தால் தலைக்கு 24-கூட வராது. 30-ஆல் வகுத்தால் 50-ஐத் தாண்டும். இரண்டுக்கும் உள்ள அந்த இடைவெளியைத்தான் இத்தனை நாளாக நீங்கள் கட்டிவந்தீர்கள்.

என் யோசனை இது. பெரியவர்களுக்கு ஆண்டுச் சந்தா 45, மாணவர்களுக்கு 20. அதில் 1,200 வந்துவிடும்: வாடகை சரி. சந்தா கட்டாமல் வருகிறவர்களுக்கு ஒரு கூட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் 6. மாதம் ஐந்து பேர் அப்படி வந்தாலும் ஆண்டுக்கு 360. ஆக 1,560, தேவையைவிட 40 கூடுதல். நுழைவுக் கட்டணத்தை ஏன் 6 என்று வைத்தேன் என்றால், எட்டு முறை வருகிறவருக்கு 48 ஆகிவிடும். அவர் தானாகவே சந்தாவுக்கு வந்துவிடுவார், யாரும் வற்புறுத்த வேண்டியதில்லை. முதல்முறை வருகிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள். இந்த எண்களை உங்கள் உண்மையான வாடகைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள், விகிதம் நிற்கட்டும்.

கட்ட முடியாதவர்கள் இருப்பார்கள். நீங்கள் எழுதியிருந்த அந்தப் பையன், பழைய உறைகளிலிருந்து அஞ்சல்தலைகளைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து எடுத்துக்கொண்டு வருபவன், சந்தா இல்லை என்பதற்காக வாசலில் நிற்கக் கூடாது. அதற்காக எல்லோருக்கும் இலவசம் என்று வைக்க வேண்டியதில்லை. பொருளாளரிடம் தனியாகச் சொன்னால் போதும், காரணம் கேட்கப்படாது, பெயர் வெளியே வராது என்று விதியிலேயே எழுதிவிடுங்கள். சந்தா கட்டும் 30 பேர் போக, ஆண்டுக்கு மூன்று பேருக்கு அப்படி விட்டுக்கொடுக்கலாம். அதிகமாகத் தர விரும்புகிறவர்கள் தரட்டும், தகரப் பெட்டி அதற்குப் பயன்படட்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கும் இடம் ஒன்று உண்டு. வாடகை முழுவதையும் சந்தாவே தாங்க வேண்டும். ஏலம், மேஜைக் கட்டணம், நன்கொடை எதுவாக இருந்தாலும் மேல்வரவுதான். அது வந்தால் நல்ல விளக்கு வாங்கலாம், அஞ்சல்தலை, நாணய விவரப் பட்டியல் புத்தகங்கள் வாங்கலாம், வெளியூரிலிருந்து ஒருவரைப் பேச அழைக்கலாம். வராவிட்டால் அடுத்த மாதம் கதவு திறக்காமல் போகக் கூடாது.

டீலர்கள் நீட்டும் கை

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வருகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். டீலர்கள் இல்லாத சேகரிப்பு உலகமே கிடையாது. ஆனால் அவர்கள் போடும் நிபந்தனைகளை ஒன்றொன்றாகப் பாருங்கள்.

வேறு யாரும் விற்கக் கூடாது என்றால், தன்னிடம் ஒன்றுக்கு மேல் இருப்பவற்றைச் சின்ன விலைக்குக் கொடுக்கும் உறுப்பினரும் அதில் அடங்குவார். இன்றைக்கு விற்பனை என்பார்கள், நாளைக்குப் பண்டமாற்றும் தங்கள் வியாபாரத்தைக் கெடுக்கிறது என்பார்கள். உங்கள் குழு உயிரோடிருப்பதே அந்தப் பண்டமாற்றில்தான். முன்வரிசை அவர்களுடையது என்றால், புதிதாக வருகிறவர் முதலில் பார்ப்பது விலைச்சீட்டைத்தான். தொலைபேசிப் பட்டியலைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை: தரக் கூடாது. உறுப்பினர்கள் கூட்ட அறிவிப்புக்காக உங்களிடம் கொடுத்த எண்கள் அவை. வேறு காரியத்துக்கு அவர்களைக் கேட்காமல் கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை; பல நாடுகளில் தனியுரிமைச் சட்டமே அதைத் தடுக்கிறது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய அபாயம் வேறு. நான் கணக்குப் பார்த்த ஒரு பொம்மைச் சேகரிப்பாளர் குழுவுக்கு மூன்று ஆண்டுகள் ஒரே வியாபாரிதான் வாடகை கட்டினார். நான்காம் ஆண்டு அவருக்கு வேறு இடத்தில் நல்ல சந்தை கிடைத்தது, போய்விட்டார். அவர்மேல் குற்றமில்லை. ஆனால் மூன்று ஆண்டுகளாகக் காசு கட்டிப் பழகாத உறுப்பினர்களிடம் போய்க் கேட்டபோது யாருக்கும் கை நீளவில்லை. இரண்டே மாதத்தில் அந்தக் குழு இல்லாமல் போயிற்று.

ஆகவே மறுக்க வேண்டாம், மாற்றிக் கேளுங்கள். மேஜை ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒருவருக்கே என்ற உரிமை கிடையாது. முதல் ஒன்றரை மணி நேரம் உறுப்பினர்களின் பண்டமாற்றுக்கு மட்டும், விற்பனை அதன் பிறகு. மேஜைக் கட்டணம் மொத்த வரவில் கால் பங்கைத் தாண்டக் கூடாது என்று உங்களுக்குள் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். வரிக் கோணமும் இதில் இருக்கிறது. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுத் தங்களுக்கே செலவிடும் பணம் லாபம் ஆகாது என்ற கொள்கையைப் பல நாடுகளின் வருமான வரிச் சட்டம் ஏற்கிறது. வெளியாரிடமிருந்து வாங்கும் மேஜைக் கட்டணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். எனவே இரண்டையும் முதல் நாளிலிருந்தே தனித்தனிப் பத்தியில் எழுதி வாருங்கள்.

கையெழுத்துக்கு முன்னால்

உங்கள் பெயரில் மட்டும் போடாதீர்கள். இதை நான் ஆலோசனையாகச் சொல்லவில்லை, வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

பதிவு செய்யப்படாத ஒரு குழுவுக்குப் பல நாடுகளில் சட்டத்தின் முன் தனி ஆள் என்ற அந்தஸ்து கிடையாது. ஒப்பந்தத்தில் "குழுவுக்காக" என்று எழுதிக் கையெழுத்திட்டாலும், வாடகை பாக்கி விழுந்தால் உரிமையாளர் தேடி வருவது கையெழுத்திட்டவரைத்தான். ஓராண்டு ஒப்பந்தம் போட்டு ஐந்தாவது மாதத்தில் குழு கலைந்துவிட்டால், மீதி ஏழு மாத வாடகை உங்கள் ஓய்வூதியத்தைத் தேடி வரும். "64 பேர் இருக்கிறார்களே, விட்டுவிடுவார்களா" என்று எழுதியிருக்கிறீர்கள். மனத்தளவில் விடமாட்டார்கள் என்றே நானும் நம்புகிறேன். சட்டப்படி அவர்களைக் கட்டுப்படுத்த உங்களிடம் இப்போது ஒரு காகிதமும் இல்லை.

வழிகள் இருக்கின்றன. உரிமையாளரிடம் முதலில் மூன்று மாதம் மட்டும், கூட்டத்துக்குக் கூட்டம் முன்பதிவு செய்யும் முறையில் தரும்படி கேளுங்கள். 14 மாதங்கள் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டியிருக்கிறீர்கள், அதைச் சொல்லிக் கேட்கலாம். அந்த மூன்று மாதத்துக்குள் பொதுக்கூட்டம் போட்டு, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூவரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு பக்கத்தில் விதிகளை எழுதி, குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்குங்கள். இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்று வையுங்கள். சங்கமாகப் பதிவு செய்ய வேண்டுமா என்பதை அந்த நிர்வாகிகள் முடிவு செய்யட்டும். பதிவு என்றால் கட்டணம் உண்டு, ஆண்டறிக்கை கொடுக்கும் வேலை உண்டு. ஆனால் ஆண்டு முழுவதற்கும் வாடகைப் பொறுப்பை ஏற்கும் அளவுக்கு ஒரு குழு வளர்ந்துவிட்டால் பதிவு செய்துகொள்வதே நல்லது என்பது என் கருத்து. அதுவரை எது கையெழுத்தானாலும் மூவரும் சேர்ந்து போடுங்கள், பொதுக்கூட்டத் தீர்மானத்தின் நகலை அதோடு இணையுங்கள்.

ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய இடங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம், அட்வான்ஸ் எப்போது திரும்பி வரும், எதற்கெல்லாம் பிடித்துக்கொள்வார்கள், வாடகையை இடையில் உயர்த்தலாமா, உரிமையாளரே ஒரு தேதியை ரத்து செய்தால் என்ன. ஆண்டு முழுவதற்கும் சேர்த்து எடுப்பதால் கழிவு கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள். அரங்கில் யாராவது வழுக்கி விழுந்தாலோ எதுவும் உடைந்தாலோ ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். உறுப்பினர்கள் கொண்டுவரும் சேகரிப்புக்குப் பொதுவாக அந்தக் காப்பீடு பொருந்தாது. அவரவர் பொருளுக்கு அவரவர் பொறுப்பு என்று விதியில் எழுதி, வாசலிலும் ஒட்டிவையுங்கள்.

மேல்வரவுக்குச் சில வழிகள்

சர்க்யூட் புத்தகத்தை நீங்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது. தெரியாத வாசகர்களுக்காக விளக்குகிறேன். ஓர் உறுப்பினர் தன்னிடம் மிகுதியாக உள்ள அஞ்சல்தலைகளைச் சின்னப் புத்தகத்தில் கட்டம் கட்டமாக ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் விலையை எழுதுவார். புத்தகம் கைமாறி வரும். பிடித்ததை இடுக்கியால் எடுத்துக்கொண்டவர், காலியான கட்டத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். கடைசியில் புத்தகம் திரும்பி வரும்போது யார் எதை எடுத்தார்கள் என்று கட்டங்களே சொல்லிவிடும். விற்ற தொகையில் பத்தில் ஒரு பங்கு குழுவுக்கு என்று வைக்கலாம். செலவு எதுவுமில்லை, கூட்டத்தின் இயல்பும் மாறாது.

உறுப்பினர் ஏலமும் அதே பங்கில் நடக்கலாம். விற்றவருக்குச் சேர வேண்டிய பணத்தைக் குழுவின் பணத்தோடு கலக்காதீர்கள், அன்றே கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பொருள் அசலா என்பதற்குக் குழு உத்தரவாதம் தராது என்பதை ஏலம் தொடங்கும்முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். சேகரிப்புச் சாதனங்களை மொத்தமாக வாங்கிச் சிறிய லாபத்தில் கொடுப்பது இன்னொரு வழி, அதில் ஒரு சேவையும் இருக்கிறது. பி.வி.சி கலந்த மலிவான உறைகள் நாளடைவில் நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்கை விட்டுவிடும் என்று புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பி.வி.சி கலக்காத நல்ல மைலார் உறைகள் தனியாளுக்கு விலை கூடுதல், நூறாக வாங்கினால் இறங்கும். குலுக்கல் சீட்டு மட்டும் இப்போதைக்கு வேண்டாம். பல இடங்களில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும், சில இடங்களில் தடையே உண்டு.

நீங்கள் கட்டிய பணம்

வாடகையை 100 என்று வைத்த அதே கணக்கில், பெட்டியில் மாதம் சராசரி 45 சேர்ந்ததாக உங்கள் குறிப்பு சொல்கிறது. மீதி 55 வீதம் 14 மாதங்களுக்கு 770, ஏறக்குறைய எட்டுக் கூட்டங்களின் வாடகை. அதைத் திரும்பக் கேட்கலாமா என்ற கேள்வியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள், அடித்த கோட்டுக்குக் கீழே படிக்க முடிந்தது. கேட்டதில் தவறில்லை. கடன் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் சட்டப்படி வசூலிப்பது கடினம். ஆனால் அந்தத் தொகையைக் கணக்கில் ஏற்றாமல் விடாதீர்கள். முதல் வரவு செலவு அறிக்கையில் "நிறுவனர் செலுத்தியது 770" என்று ஒரு வரி இருக்கட்டும். நன்கொடையாக ஏற்பதா, கையிருப்பு சேர்ந்த பிறகு சிறுகச் சிறுகத் திருப்பித் தருவதா என்பதை உறுப்பினர்கள் தீர்மானிக்கட்டும். அந்தப் பேச்சு நடக்கும் பத்து நிமிடம் நீங்கள் வெளியே போய் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் மனம்விட்டுப் பேச முடியாது.

அடுத்த கூட்டத்தில் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ஸாப்பில் வேண்டாம், அங்கே நாலு பேர் பேசி நாற்பது பேர் மௌனமாக இருப்பார்கள். நேரில், ஆல்பங்களைத் திறக்கும்முன் சொல்லுங்கள்: "இந்த அரங்கத்தின் வாடகை இவ்வளவு. பெட்டியில் சேர்வது இவ்வளவு. 14 மாதங்களாக மீதியை நான் கட்டினேன், இனி என்னால் முடியாது. இந்த இடம் நமக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிக் கட்டப்போகிறோம் என்று இன்று நாம் பேச வேண்டும்." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மன்னிப்பும் கேட்காதீர்கள். பிறகு அந்தத் தகரப் பெட்டியை மேஜைமேல் கவிழ்த்து, யாராவது ஓர் இளைய உறுப்பினரை எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடிக்கும்வரை அமைதியாக இருங்கள்.

சிலர் வராமல் போவார்கள். அதற்கு மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். அப்படிப் போகிறவர்களில் சிலர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வருவதையும் பார்த்திருக்கிறேன். மூத்த உறுப்பினரை மட்டும் கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சந்தித்துக் கணக்கைக் காட்டுங்கள். உறைகளை விற்ற விஷயத்தையும் அவரிடம் சொல்லுங்கள். அது தெரிந்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஒப்பந்த வரைவு கைக்கு வந்ததும், விலகல், அட்வான்ஸ் பற்றிய பக்கங்களை மட்டும் படம்பிடித்து அனுப்புங்கள், படித்துப் பதில் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இன்றைக்கே செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அந்த ஆறு உறைகளை வாங்கியவரின் எண் உங்களிடம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூப்பிட்டுப் பேசுங்கள். ஒரு மாதம்தானே ஆகிறது, இன்னும் அவரிடமே இருக்கலாம்.